உப்பு என்று எழுதியிருந்தது

உப்பு என்று எழுதியிருந்தால் அது உப்புதான் என்று நம்புகிறவள் நான். நம்பாமல் எப்படி? சொல்லுக்குப் பொருள் உண்டு என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. எழுதியிருப்பதை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது? அந்த நம்பிக்கையில்தான் ஒரு மத்தியானம் அவித்த முட்டையில் விஷத்தைத் தூவிச் சாப்பிட்டேன். இன்று நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். அவளுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லப் போனால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, பாடம்தான் பெயர். "பூகோளத்துக்குக் காய்ச்சலாம்", "கணக்கு இன்னும் வரலையா?" என்றுதான் பேச்சு நடக்கும். நான் தமிழ். என் பக்கத்து மேசை கெமிஸ்ட்ரி. என்னைவிட ரொம்பச் சின்னவள், என்னை வாய் நிறைய அக்கா என்பாள். வெள்ளைக் கோட்டின் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு கண்ணாடிக் குச்சி இருக்கும். நல்ல பெண்தான். ஆனால் தன் வகுப்பு தன்னை ஏமாற்றிவிடும் என்று எந்நேரமும் ஒரு பயம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் பாடத்தில் உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு மட்டும் அல்ல. அமிலமும் காரமும் கூடிப் பெற்றுப்போட்ட பிள்ளைகள் அத்தனைக்கும் குடும்பப் பெயர் உப்பு. ஒன்றைச் சோற்றில் போடலாம், ஒன்றைச் செடிக்குப் போடலாம், ஒன்று பேதிக்கு ஆகும், ஒன்று ஆளையே கொல்லும். பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. பிள்ளைகள் கையில் அதில் ஒன்றைக் கொடுத்து, "இது யார்னு கண்டுபிடி" என்பதுதான் செய்முறைப் பரீட்சை. முன்பெல்லாம் பொட்டலத்தின் மேல் எண் போட்டுக் கொடுத்தாள். காலையில் எழுதிய கூட்டம் வாசலிலேயே மத்தியானக் கூட்டத்தின் காதைக் கடித்துவிட்டது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டாள். அதற்கும் அவர்கள் மசியவில்லை.

"நான் பக்கத்துல போய் நின்னாலே போதும்க்கா," என்று என்னிடம் வந்து புலம்பினாள். "தப்பா எழுதினா என் புருவம் மேல போகுதாம். அதைப் பாத்து அடிச்சிட்டு வேற எழுதுறாளுங்க."

"புருவத்தை மழிச்சிடு."

"விளையாடாதீங்கக்கா. இந்தத் தடவை என் புருவத்துக்கே தெரியாது. எல்லாத்தையும் ஒரே மாதிரி மடிச்சு, தட்டுல கொட்டிக் குலுக்கிட்டேன். எது எதுன்னு எனக்கே தெரியாது. அவளுங்க எழுதிக் குடுத்ததும் மிச்சத்தை நானே சோதிச்சுப் பாத்து மார்க் போடுவேன்."

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'உப்பு' என்று மட்டும் எழுதியிருந்தாள், அதுவும் தமிழில். அது என் வேலை. ஆய்வகத்தில் ஒரு சீட்டுகூடத் தமிழில் இல்லையே என்று அவளை வருஷம் முழுக்க அரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலங்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருக்கட்டும்.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின், அதனால் காலைச் சமையலறை அவர் ராஜ்ஜியம். எனக்கு மத்தியானத்துக்கு இரண்டு முட்டை அவித்து, தொட்டுக்கொள்ள உப்பைச் சின்னப் பொட்டலமாக மடித்து வைப்பார். ஒருநாள் உப்புக்குப் பதில் சர்க்கரையை மடித்துவிட்டார். சர்க்கரை போட்ட முட்டையைத் தின்றுவிட்டு வந்து நான் வீட்டை இரண்டாக்கினேன். "பொட்டலத்து மேல எழுதி வைங்கன்னா எழுதி வைங்க!" என்றேன். "உப்புக்கெல்லாம் பேர் எழுதி அனுப்புற வீடு உலகத்துலயே நம்ம வீடாத்தான் இருக்கும்," என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தார். எழுதவில்லை. நானும் விடவில்லை, வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்று கெமிஸ்ட்ரி தன் தட்டை என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஆய்வகத்தைத் திறக்கப் போயிருந்தாள். நான் திருத்த வேண்டிய நோட்டுக் குவியலைத் தள்ளி வைத்தபோது தட்டு லேசாக ஆடியது. ஒரு பொட்டலம் சறுக்கி என் பக்கம் வந்திருக்க வேண்டும். அவள் வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவை எடுத்து வைத்தேன், பக்கத்திலேயே ஒரு பொட்டலம் கிடந்தது. மேலே அழகாக, 'உப்பு.'

எனக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்துவிட்டது. மனுஷன் திருந்திவிட்டார்! எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு சாரிடம் தூக்கிக் காட்டினேன். "பாத்தீங்களா சார், எங்க வீட்டுக்காரர் பேர் எழுதியே குடுத்துவிட்டிருக்கார்."

"எனக்கு டாக்டர் உப்பையே நிறுத்திட்டார். என்கிட்ட ஏன் டீச்சர் காட்டி வயித்தெரிச்சலைக் கிளப்புறீங்க?" என்றார் அவர்.

அந்தக் குஷியில் தாராளமாகவே தூவினேன். முதல் முட்டை ஏதோ கசந்தது. முட்டை பழசு போல என்று முட்டைக்காரனைத் திட்டிக்கொண்டே விழுங்கினேன். இரண்டாவதில் பாதிக்குமேல் இறங்கவில்லை, வைத்துவிட்டேன். பொட்டலத்தில் நிறைய மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன்? ஆசிரியர் அறைக்குப் பொதுவாக ஒரு உப்புப் பாட்டில் உண்டு. அடியில் பழைய உப்பு ஈரம் கோத்து ஒட்டிக் கிடக்கும். அதில் மிச்சத்தைக் கொட்டி, நன்றாகக் குலுக்கியும் வைத்தேன். காகிதத்தில் கையைத் துடைத்து, முட்டை ஓட்டோடு கூடையில் போட்டேன். கூடை குப்பை வண்டிக்குப் போயிற்று.

மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குக் கிளம்பும்போது கெமிஸ்ட்ரி வேகமாக உள்ளே வந்தாள்.

"அக்கா, இங்க ஒரு பொட்டலம் பாத்தீங்களா? ஒண்ணு குறையுது."

"என்ன பொட்டலம்?"

"உப்புன்னு எழுதியிருக்கும்."

"அது என்னோடதும்மா. வீட்ல குடுத்துவிட்டது."

"உங்க வீட்ல உப்புன்னு எழுதியா குடுத்துவிட்டாங்க?"

"ஏன், எழுதக் கூடாதா?" என்று சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிக் காகிதமாக வெளுத்திருந்தது. என் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கவிழ்த்தாள். கரண்டி விழுந்தது, கைக்குட்டை விழுந்தது, கடைசியாகத் துணி வெட்டும் கை மடித்த முக்கோணப் பொட்டலம் ஒன்று விழுந்தது. அதன் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் என் உதட்டைச் சுற்றி மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருப்பது எனக்கே தெரிந்தது.

"நான் எதைடி தின்னேன்?"

"தெரியாதுக்கா."

"நீதானே கட்டின?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானேக்கா கட்டினேன்!" என்று அழுதேவிட்டாள்.

"என்னென்ன கட்டினேன்னாவது சொல்லு."

"ஒண்ணு சாப்பாட்டு உப்பேதான். யாரும் எதிர்பாக்க மாட்டாளுங்கன்னு அதையும் வச்சேன். ஒண்ணு பேதிக்குக் குடுக்கிறது. அப்புறம் துத்தநாகம்." நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"ஈயம் இருக்குக்கா. பேரியம் இருக்கு."

அந்தப் பெயர்களை அவள் சொன்ன தொனியே போதுமாக இருந்தது. மற்றப் பொட்டலங்களையெல்லாம் பிரித்துச் சோதித்துக் கழித்துப் பார்க்கலாமே என்று கணக்கு சார் சொன்னார். கைக்கு வந்ததை வந்தபடி மடித்தேன், எதில் எத்தனை என்றே தெரியாது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு டாக்டரம்மா. நிதானமான குரல்.

"ஆம்புலன்ஸ் அனுப்புறேன். அது வர்றதுக்குள்ள என்ன உப்புன்னு கண்டுபிடிக்க முடியுமா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. தெரிஞ்சா இங்க மருந்தை எடுத்து வச்சுடுவேன்."

மிச்சத்தை உப்புப் பாட்டிலில் கொட்டிவிட்டேன் என்றேன். வாசலுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். கெமிஸ்ட்ரி உப்புப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த ஆய்வகத்துக்கு ஓடினாள். தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம், பயம்தான், அதை என்ன மறைப்பது? கணக்கு சார் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போய் ஆய்வக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளே பெண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு பரீட்சைக்கு நின்றிருந்தார்கள். பர்னர் எரிந்துகொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி ஒரு சோதனைக் குழாயை எடுத்தாள், அது கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னைக்குப் பரீட்சை இல்ல. தமிழ் டீச்சர் இதைத் தெரியாம சாப்பிட்டுட்டாங்க. இது என்னன்னு கண்டுபிடிங்க. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, எனக்கும் தெரியாது."

அந்த வகுப்பை எனக்குத் தெரியும். ஒற்றெழுத்தைத் தின்றே வளர்ந்த கூட்டம். கட்டுரை நோட்டில் நான் சுழித்த சிவப்பைப் பிழிந்தால் ஒரு குடம் வரும். அந்தப் பிள்ளைகள் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒருத்தி குழாய்களைக் கழுவினாள், ஒருத்தி அமிலப் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தாள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. எனக்கு ஏனோ கண் நிறைந்தது.

வகுப்பு லீடர் கெட்டிக்காரி. கம்பியை அமிலத்தில் தோய்த்து, உப்பில் ஒற்றி, சுடரில் காட்டினாள். சுடர் பளீரென்று மஞ்சளாக எரிந்தது. இன்னொரு பக்கம் உப்பைக் கரைத்த நீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினார்கள், தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது.

"மஞ்சள்னா சோடியம். இது குளோரைடு," என்று கத்தினாள் லீடர். "சோடியம் குளோரைடு! டீச்சர், நீங்க சாப்பிட்டது சாப்பாட்டு உப்பு!"

வகுப்பே கைதட்டியது. கெமிஸ்ட்ரி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு முதலில் உயிர் வந்தது, அடுத்தபடியாக மானம் வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, பள்ளிக்கூடமே ஜன்னலில் தொங்குகிறது.

"சார், அதைத் திருப்பி அனுப்புங்க," என்றேன்.

"எதுக்கும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாமேக்கா," என்றாள் கெமிஸ்ட்ரி.

"உப்பு தின்னதுக்கு ஆம்புலன்ஸ்ல போனாளாம் தமிழ்னு நாளைக்கு எல்லாரும் வாயால சிரிக்க மாட்டாங்க. போங்க சார், சொல்லி அனுப்புங்க."

வயிறு இன்னும் கலங்கிக்கொண்டுதான் இருந்தது. உதடு மரத்துத்தான் இருந்தது. கை இரண்டும் ஈரத் துணியாகக் கனத்தன. எல்லாம் பயத்தில் வந்தது, போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கு சார் வாசலை நோக்கி நடந்தார்.

"டீச்சர், ஆனா," என்று ஒரு குரல் கேட்டது.

யாரென்று பார்க்கவே வேண்டியதில்லை. அவளுக்குக் கால்புள்ளி என்று பெயர் வைத்ததே நான்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வாள், சொல்லிவிட்டு "ஆனா டீச்சர்," என்பாள். அவள் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்து நான் பார்த்ததில்லை. பரீட்சைத் தாளையும் பாதியில்தான் பிடுங்க வேண்டும். இப்போது மூலை மேசையில் தனியாக நின்றுகொண்டு, ஒரு கண்ணாடித் தட்டில் பாட்டில் உப்பைப் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தாள்.

"என்னடி ஆனா?" என்று எரிந்து விழுந்தேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இல்ல டீச்சர். கொஞ்சம் சாம்பல் நிறத்துல கட்டி கட்டியா இருக்கு. கொஞ்சம் பளபளன்னு தகடு தகடா இருக்கு. இது ஒரு பொருளா ரெண்டு பொருளான்னு தெரியல."

"ஈரத்துல அப்படி ஆகும்டி," என்றாள் கெமிஸ்ட்ரி. சொன்னவள் சட்டென்று நின்றாள். என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, இந்தப் பாட்டில் காலியா இருந்துச்சா? நீங்க கொட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"பழைய உப்பு இருந்துச்சு."

"என்ன உப்பு?"

"என்ன உப்பா? உப்புதான்! எல்லாரும் போட்டுக்கிறது."

"ஏன்க்கா சொல்லல?"

எனக்குப் புரியவே இல்லை. உப்போடு உப்பைச் சேர்த்தால் உப்புதானே? அதில் சொல்ல என்ன இருக்கிறது? என் பாடத்தில் அது ஒரே சொல். அவள் பாடத்தில் அது இரண்டு ஆள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. லீடர் பார்த்த மஞ்சள், அடியில் ஒட்டிக் கிடந்த பழைய உப்பின் மஞ்சள். நான் தின்றது யார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

கால்புள்ளி அதற்குள் இடுக்கியால் பளபளத்த தகடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறு தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டினாள், மஞ்சள் வந்தது. மறுபடி தோய்த்தாள், மறுபடி காட்டினாள்.

"போதும்டி, வச்சுப் பாரு!" என்று லீடர் பதறினாள்.

"கம்பியில இன்னும் பழைய மஞ்சள் மிச்சம் இருக்கு," என்றாள் இவள், தலை நிமிராமல்.

அந்த நிதானம் இருக்கிறதே, சாதாரண நாளாக இருந்தால் நான் கையில் இருக்கும் டஸ்டரை வீசியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. கால்புள்ளி மறுபடி தோய்த்தாள். சுடரில் நிறமே வராமல் கம்பி சும்மா சிவந்தது. அப்போதுதான் ஒரு தகட்டை அதில் ஒற்றிக் காட்டினாள். ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தெறித்து அடங்கியது. பிறகு சுடர் முழுக்க இளம்பச்சை.

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்கடி!" என்று கெமிஸ்ட்ரி அலறினாள். பாதி வகுப்பு கோட்டு பறக்க வாசலுக்கு ஓடியது.

அப்போதும் கால்புள்ளி விடவில்லை. மிச்சத் தகடுகளைத் தண்ணீரில் கரைத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. நீர்த்த கந்தக அமிலத்தை அதில் சொட்டினாள். குழாய் முழுக்கப் பாலாக வெளுத்தது. இன்னொரு அமிலத்தை ஊற்றிக் குலுக்கிப் பார்த்தாள். வெளுப்பு கரையாமல் மெல்ல அடியில் இறங்கியது.

"பேரியம்," என்றாள். அவள் வாயிலிருந்து முற்றுப்புள்ளியோடு நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை. கணக்கு சாரும் ஆம்புலன்ஸ் ஆளும் தூக்கித்தான் ஏற்றினார்கள். கெமிஸ்ட்ரி கூடவே ஏறி, ஏறும்போதே டாக்டரம்மாவிடம் போனில் கத்தினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மருந்து கரைத்த தம்ளர் தயாராக இருந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். தம்ளரை என்னால் பிடிக்க முடியவில்லை. டாக்டரம்மாவே வாயில் வைத்துப் புகட்டினார். குமட்டியது, குடித்தேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அது என்ன மருந்து என்று கேட்டேன்.

"நீங்க சாப்பிட்டது தண்ணில கரையும். கரையறதாலதான் ரத்தத்துக்குப் போய் சதையைச் செயலிழக்க வைக்குது. இந்த மருந்துல இருக்கிற சல்பேட் அதைப் பிடிச்சு, கரையாத வெள்ளைத் தூளா மாத்திடும். அது சும்மா வெளிய போயிடும்," என்றார். "உங்க பொண்ணுங்க குழாய்ல செஞ்சதைத்தான் நான் உங்க வயித்துல செய்றேன். அதோட ரத்தத்துல பொட்டாசியம் குறையும், அதையும் ஏத்துறோம்."

வீழ்படிவு என்பார்கள் அதை. விழுந்து படிகிறது. எவ்வளவு நல்ல சொல். இத்தனை வருஷம் அது என் மொழியில் இருந்திருக்கிறது, என் வயிற்றுக்குள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

"சாப்பாட்டு உப்புன்னு நினைச்சு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா?" என்றேன்.

டாக்டரம்மா ஒயரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "மூச்சு விடவும் சதை வேணும்மா. இதயமும் சதைதான்."



என் வீட்டுக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். நர்ஸ் அவரை ஏதோ அளவெடுக்க வந்த ஆள் என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னாளாம். கட்டிலருகே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்ன மாதிரி பேர் எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல," என்றார். அழுதார். "போங்க, எழுதியிருந்தா நான் ரெண்டையும் போட்டுத் தின்னிருப்பேன்," என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

மறுநாள் கெமிஸ்ட்ரி கால்புள்ளியை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வருவது தெரிந்ததும் என்ன சொல்வது என்று ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். உயிர், கடன், நன்றி என்று பெரிய பெரிய சொற்களாக அடுக்கியிருந்தேன். மேடையில் பேசிப் பேசிப் பழகிய நாக்குதானே, வந்துவிடும் என்று நினைத்தேன்.

வந்ததும் கெமிஸ்ட்ரி மன்னிப்புக் கேட்டு அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தவுடன் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "நீதானாம்மா, நீதானாம்மா," என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். லீடர் சொல்லி அனுப்பிய மன்னிப்பு வேறு இருந்தது. இத்தனை சத்தத்துக்கும் நடுவில் அந்தப் பெண் மட்டும் கட்டில் முனையில் நின்று, என்னையும் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், ஊசி ஏறும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தூங்கியிருக்கவில்லை.

"பக்கத்துல வாடி," என்றேன். வந்தாள். நான் அடுக்கி வைத்திருந்ததில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.

அவளே கேட்டாள். "டீச்சர், சரியா இருந்துச்சா?"

"என்னது?"

"நான் சொன்னது. பேரியம்னு. நீங்க எல்லாரும் வண்டில போயிட்டீங்க. பாட்டிலை ஹெட்மாஸ்டர் எடுத்துப் பூட்டிட்டாங்க. சரிதான்னு யாருமே சொல்லல. நான் தப்பா சொல்லியிருந்தா அவங்க தப்பான மருந்து குடுத்திருப்பாங்கல்ல டீச்சர்?"

கெமிஸ்ட்ரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாங்கள் அத்தனை பேரும் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தோம், என் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடமே அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சையைப் பார்த்த நொடியிலிருந்து, ஒரு மனுஷியின் உயிரைத் தன் ஒரு சொல்லின் மேல் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தச் சொல் சரியா தப்பா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவளிடம், விடையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முந்தைய நாள் தம்ளரைப் பிடிக்க முடியாத கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என்னால் முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது டீச்சர்."

"அப்போ சரிடி," என்றேன். "நீ சொன்னது சரி. பேரியம்தான். சரியான மருந்துதான் குடுத்தாங்க. பாரு, உக்காந்து உன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். சரிடி, எல்லாம் சரி."

அவள் அப்படியே கட்டிலோரம் மண்டியிட்டு, என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.